கடைசி பஸ்ஸும் டிஸ்சார்ஜ் சீட்டும்

அரசு மருத்துவமனையில் சாதி பார்ப்பதில்லை என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வோம். செவிலியராக வார்டில் காலம் தள்ளிய யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். சொல்பவர்கள் பொய் சொல்வதும் இல்லை. ரத்தம் ஏற்றும்போது குரூப்பைப் பார்ப்போம், கொடுத்தவர் யார் என்று பார்க்க மாட்டோம். ஓ.பி. சீட்டு எல்லோருக்கும் ஒன்றுதான், கட்டில் காலியாகும் வரிசையில்தான் கிடைக்கிறது, ஊசி மருந்து ஒரே ஸ்டோரிலிருந்துதான் வருகிறது. இருந்தும் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்கு, அதே வார்டில் அதே மருந்தில், கீழ்நாட்டுக்காரருக்குக் கிடைக்கும் பலன் கிடைப்பதில்லை. நோய் முற்றிய பிறகு வருகிறார், வைத்தியம் முடியும் முன்னே கிளம்பிவிடுகிறார், மறுபடி வரச்சொன்ன தேதிக்கு வருவதில்லை. "மலைக்காரங்க அப்படித்தான்" என்று ஒரு வரியில் இதை மூடிவிடுவது எங்கள் தொழிலின் பழக்கம். இந்தப் பழக்கத்தைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். பாகுபாடு நடக்கக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. மருத்துவமனையின் நேர அட்டவணையும் அது கேட்கும் தாள்களுமே போதும். அப்படியென்றால் அதைச் சரிசெய்யும் வேலையும் ஊழியரின் மனதைத் திருத்துவதில் தொடங்க வேண்டியதில்லை, ஏற்பாட்டைத் திருத்துவதில் தொடங்கலாம்.

ஜவ்வாது மலை இன்று மூன்று மாவட்டங்களுக்குள் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலைக்குப் போய்விட்டது. அணைக்கட்டுப் பக்கம் வேலூரோடு இருக்கிறது. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு மூன்றும் 2019இல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூருக்கு வந்தன. மலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. இவர்கள் பேசுவது தமிழ். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறக்குறைய 7.95 லட்சம், மாநிலத்தில் 1.1 சதவீதம், அதில் மலையாளிகள் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல். சாமை விதைப்பும் அறுப்பும், புளி, தேன், பலா, கடுக்காய் என்று அவர்களுடைய வருஷம் நகர்கிறது. அதே மலையில் காவலூரில் 1986லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது, வேறு வெளிச்சம் இல்லாத வானம் வேண்டும் என்பதற்காகத் தேடிப் பிடித்த இடம். விளக்கு வெளிச்சம் எட்டாததை ஒரு தகுதியாக எடுத்துக்கொண்ட ஒரே அரசு நிறுவனம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த மலையாளிகள் தமிழ் பேசுகிறவர்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாஷை புரியவில்லை என்ற சமாதானத்துக்கு இங்கே இடம் இல்லை. புள்ளிவிவரத்திலும் குறை உடனே தெரிவதில்லை. மாநிலக் கணக்கைப் பார்த்தால் தமிழ்நாட்டின் நிலைமை பெருமைப்படத் தக்கது. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆனால் சராசரி என்பது பெருங்கூட்டத்தின் கணக்கு. நூற்றில் ஒருவராக இருப்பவருக்கு எல்லாம் கெட்டுப்போனாலும் மாநிலச் சராசரி பெரிதாக அசையாது. அதே கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் ஆயிரம் பிறப்புக்கு 41.9 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறக்கின்றன என்றால், பழங்குடியினரில் அது 50.3. அபய் பங் தலைமையில் மத்திய அரசு 2013இல் அமைத்து 2018இல் அறிக்கை கொடுத்த வல்லுநர் குழு, பழங்குடியினர் சுகாதாரத்துக்கென்று தனிக் கணக்கே சரியாக இல்லை என்பதை ஒரு குறையாக வைத்தது. கணக்கு இல்லாத இடத்தில் எல்லோருக்கும் சமம் என்று சொல்லிக்கொள்வது சுலபம்.

இனி மருத்துவமனையின் ஒரு நாளை மலையிலிருந்து பார்ப்போம். காலை ஓ.பி. மதியத்தோடு முடியும். லேபில் ரத்த மாதிரி எடுப்பது அதற்கும் முன்பே முடிந்துவிடும். டவுனில் இருப்பவர் ஏழரைக்கே சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, ரிசல்ட்டுக்கு மத்தியானம் வரலாம். மலையிலிருந்து வருகிறவர் முதலில் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து வரவேண்டும். அந்தப் பஸ் கொண்டைஊசி வளைவுகளில் இறங்கி வரவேண்டும். அவர் சீட்டு வாங்கும்போது முன்னால் ஐம்பது பேர் நிற்பார்கள். டாக்டர் அறைக்குள் போகும்போது லேபில் மாதிரி வாங்கும் நேரம் முடிந்திருக்கும். "நாளைக்கு வெறும் வயித்துல வாம்மா" என்பார்கள். அதைச் சொன்னவரிடம் எந்தக் குற்றமும் இல்லை, எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். ஆனால் நாளைக்கு வெறும் வயிற்றில் வருவது என்றால் இன்று இரவு பஸ் ஸ்டாண்டில் படுப்பது, அல்லது ஊருக்குப் போய் விடியும் முன் மறுபடி இறங்குவது, இரண்டு நாள் கூலி, துணைக்கு வந்தவரின் கூலி, வீட்டில் விட்டு வந்த குழந்தைகளுக்குச் சோறு. ஒரு ரத்தப் பரிசோதனைக்கு டவுன்காரர் கொடுக்கும் விலை ஒன்று, மலைக்காரர் கொடுக்கும் விலை வேறு. பரிசோதனை இலவசம் என்று எழுதிய போர்டுக்குக் கீழேதான் இது நடக்கிறது.

டிஸ்சார்ஜிலும் இதே கதை. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் "போகலாம்" என்பார். கேஸ் ஷீட் எழுதி, மருந்து வாங்கி, கையெழுத்து ஆகி, சீட்டு நோயாளி கைக்கு வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் மலைக்குக் கடைசி பஸ் போயிருக்கும். பிரசவித்த தாய்க்கு 102 வண்டி உண்டு, அதுவும் ரோடு முடிகிற இடம் வரைதான். மற்ற நோயாளிக்கு அதுகூட இல்லை. இது தெரிந்தவர் என்ன செய்வார்? சீட்டுக்குக் காத்திராமல் மதியமே கிளம்பிவிடுவார். துணைக்கு வந்தவருக்கு வார்டில் சாப்பாடு கிடையாது என்பதால் இரண்டு நாளிலேயே கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு. அறுப்பு நேரத்தில் கேட்கவே வேண்டாம். நாங்கள் ரெஜிஸ்டரில் "சொல்லாமல் போய்விட்டார்" என்று எழுதிக் கட்டிலை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம். அந்த வரியில் பொறுப்பு முழுவதும் போனவர் தலையில் விழுகிறது. ஏன் போனார் என்பதற்கு அந்த ரெஜிஸ்டரில் கட்டம் கிடையாது. அடுத்த முறை அவர் வரும்போது பழைய சீட்டைப் பார்த்து, "போன தடவை ஓடிப்போனவ தானே நீ" என்பதுதான் வரவேற்பு. வயதில் எவ்வளவு மூத்தவரானாலும் மலைச் சேலைக்கட்டைப் பார்த்ததும் "வாங்க" போய் "வா" ஆகிவிடுகிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடியினர் மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் சிகிச்சை முடியும் முன் மருத்துவமனையை விட்டுப் போகிறார்கள். அதை நோயாளியின் குணமாக எடுத்துக்கொள்ளாமல், மருத்துவமனை அந்த மக்களுக்கு எவ்வளவு ஒத்துவருகிறது என்பதற்கான அளவுகோலாக அந்த நாட்டுச் சுகாதாரத் துறை எடுத்துக்கொண்டது. எங்களிடமும் இருப்பது அதே ரெஜிஸ்டர்தான். அதைப் படிப்பதில் மட்டும் வித்தியாசம்.

எண்ணம் கெடாமலே பலன் கெடும் என்பதற்குக் கையடக்கமான சான்று வேண்டுமென்றால் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்ளலாம். கோவிட்டில் எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்த கருவி. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையிலேயே குறைந்திருந்தும் கருவி நன்றாக இருப்பதாகக் காட்டியது கறுப்பின நோயாளிகளில் வெள்ளையரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று சொன்னது. கருவி ஒளியைத் தோல் வழியே அனுப்பி அளக்கிறது. தோலின் நிறமி குறுக்கே நிற்கிறது. கருவியைச் சோதித்தது பெரும்பாலும் வெளிர்நிறத் தோலில். யாரும் யாரையும் வெறுக்கவில்லை, ஆனால் ஆக்சிஜன் கிடைக்க வேண்டியவருக்குத் தாமதமாகக் கிடைத்தது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நாங்கள் படித்த படங்களிலும் வெள்ளைக் குழந்தைகள்தான். கறுத்த குழந்தையின் தோலை விரலால் அழுத்தி எடுத்து, ஈறையும் கண்ணின் வெள்ளையையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது வார்டில் மூத்த சிஸ்டர்கள் கையிலிருந்து கைக்கு வந்த பாடம். கருவியில் நடக்கிற இதே விஷயம் நேர அட்டவணையிலும் நடக்கிறது. யாரை மனதில் வைத்து அட்டவணை போட்டோமோ அவருக்கு அது சரியாக வேலை செய்யும்.

வரிசை எல்லோருக்கும் ஒன்றுதானே, மலைக்காரருக்கு மட்டும் தனியாகச் செய்தால் அதுதான் பாகுபாடு என்று எங்கள் ஆட்களே சொல்வார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மருத்துவமனை எப்போதுமே ஒரே வரிசையில் நடப்பதில்லை. பாம்பு கடித்தவர் காய்ச்சல்காரரைத் தாண்டி உள்ளே போகிறார். இடுப்புவலி எடுத்தவருக்குச் சீட்டு கேட்பதில்லை. எண்பது வயதுக்காரருக்கு நாற்காலி கொடுத்து முன்னால் அனுப்புகிறோம். அவசரத்தைப் பார்த்து வரிசையை உடைப்பது எங்கள் தொழிலின் அடிப்படை, அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. கடைசி பஸ்ஸும் ஒரு வகை அவசரம்தான் என்று ஒப்புக்கொள்ள மட்டும் தயங்குகிறோம். சட்டம் இங்கே பாதி வழிதான் வருகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தம், மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுக்குள் போகவிடாமல் தடுப்பதைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. வாசலில் தடுப்பவரை அது பிடிக்கும். வாசல் திறந்திருக்க, உள்ளே போனவர் வெறுங்கையோடு திரும்புவதை அது எப்படிப் பிடிக்கும்? இரண்டுக்கும் நடுவில் தொட்டும் தொடாமலும் நடக்கும் வகை ஒன்று இருக்கிறது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் 200 தலித் சிறுவர்களிடம் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வில், மருந்து வாங்கிய தடவைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஏதோ ஒரு பாகுபாட்டை அவர்கள் சொன்னார்கள். மருந்தைக் கையில் படாமல் போடுவது, நாடி பிடிக்காமல் கேட்டு எழுதுவது, சீக்கிரம் அனுப்பிவிடுவது என்று. தமிழ்நாட்டில் அவ்வளவு இல்லை என்று நம்புகிறேன். ஆனால் அளந்து பார்த்துச் சொல்லும் நம்பிக்கை அல்ல அது.

இன்னொரு வாதம், அவர்களே வருவதில்லை, பூசாரியிடம் போகிறார்கள், ஆஸ்பத்திரி என்றாலே பயம் என்பது. பயம் உண்மை. பயத்துக்குக் காரணம் அறியாமை என்பதுதான் தப்பு. பக்கத்து மாவட்டமான தருமபுரியில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து செய்த கொடுமையில் 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். அவர்களும் மலையாளிகள். குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆயிற்று, உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆயிற்று. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் பலர் இந்த மலைகளிலிருந்து கூலிக்குப் போனவர்கள். அரசாங்க ஆளைப் பார்த்தால் ஒதுங்கு என்று ஒரு சமூகம் கற்றுக்கொண்டால் அது அனுபவத்தில் கற்றது. எங்களுக்கு வெள்ளைக் கோட்டும் காக்கியும் வேறு வேறு. கை கால் முறிந்து வரும் மலைக்காரரிடம் கீழ்நாட்டுக்காரரிடம் கேட்காத கேள்வி ஒன்று, "எந்தக் காட்டுல விழுந்தே" என்று, விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) என்ட்ரி போடும்போது கூடுதலாக வருகிறவரை அவருக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

இந்தப் பயத்தின் இன்றைய முகம், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டம். மலையில் பதினாறு, பதினேழு வயதில் கல்யாணம் நடப்பது பழைய வழக்கம். அது நல்ல வழக்கம் என்று நான் சொல்லவில்லை. ரத்தசோகையும் குறைமாதப் பிரசவமும் எந்த வயதில் அதிகம் என்று லேபர் வார்டில் இருப்பவருக்குத் தெரியாததா? ஆனால் 2012 சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பதினெட்டு நிறையாத பெண் கர்ப்பமாக வந்தால் நாங்கள் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எங்கள்மேல் வழக்கு வரும். மகளிர் காவல் நிலையத்துக்குத் தகவல் போனால் கணவன் கைது, சில நேரம் பெற்றோரும். இது மலையில் ஒரு ஊருக்குத் தெரிந்தால் எல்லா ஊருக்கும் தெரியும். அப்புறம் என்ன நடக்கும்? கிராம சுகாதார செவிலியர் கணக்கெடுக்கப் போனால் பெண்ணை மறைப்பார்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி நம்பர் வாங்க மாட்டார்கள். நம்பர் இல்லையென்றால் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி இல்லை, ஸ்கேன் இல்லை, ஹீமோகுளோபின் பார்ப்பதில்லை. வலி எடுத்து ஒரு நாள் கழித்து, வேறு வழியில்லாமல், வயது பத்தொன்பது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். யாரைக் காப்பாற்றச் சட்டம் வந்ததோ அவளே மருத்துவத்துக்கு வெளியே போய்விடுகிறாள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொன்னது. பிரசவத்துக்கு வருகிறவளுக்கு அந்த நிழலும் இல்லை. சட்டத்தை மீறு என்று நான் யாருக்கும் சொல்ல முடியாது. கல்யாணத்தைத் தடுக்கும் வேலையைப் பள்ளிக்கூடத்திலும் ஊரிலும் செய்யாமல், பிரசவ அறை வாசலில் செய்வதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் மறைக்காமல் பேசலாம்.

ரோடு இல்லை, காசு இல்லை, அதற்கு மருத்துவமனை என்ன செய்யும் என்பது மூன்றாவது வாதம். ரோடு இல்லாதது உண்மை. வாணியம்பாடி பக்கத்து நெக்னாமலையில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளை எல்லோரும் படித்திருப்பார்கள். 2022 ஏப்ரலில் புதூர்நாட்டுப் பக்கம் செம்பரை மலையில் வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட்ட பிறகு தாய் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். இதில் மருத்துவமனையின் பங்கு சிறிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோடு இல்லை என்று தெரிந்த பிறகும் ரோடு இருப்பவருக்குப் போட்ட அட்டவணையையே வைத்திருப்பது முழுக்க மருத்துவமனையின் பங்கு. ஓடும் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை 1992இல் கல்கத்தாவில் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகக் கட்டில் இல்லை என்று அனுப்பிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996இல் அவசர சிகிச்சையை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மறுப்பது என்றது. பணமில்லை என்று அரசு இதில் சாக்குச் சொல்ல முடியாது என்றும் சொன்னது. இன்று கட்டில் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. "அடுக்கம்பாறைக்கு எழுதித் தர்றேன்", "தருமபுரிக்கு எழுதித் தர்றேன்" என்கிறோம். பெரிய மருத்துவமனைக்கு ரெஃபர் செய்வது பல நேரம் நியாயமானதுதான். ஆனால் மலையிலிருந்து திருப்பத்தூர் வந்ததே பெரிய பயணம் என்று நினைக்கும் குடும்பத்துக்கு, அந்தச் சீட்டோடு அங்கே யாரைப் பார்ப்பது, எங்கே தங்குவது என்று சொல்ல ஒரு ஆளும் ஒரு போன் நம்பரும் இல்லாவிட்டால், அவர்கள் போவது மலைக்குத்தான்.

ஏற்பாட்டைத் திருத்துவது புதிய யோசனை என்றும் திருப்பத்தூரில் யாரும் சொல்ல முடியாது. சென்னைப் பொது மருத்துவமனை 1664இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. இந்தியருக்குக் கதவு திறக்க 1842 ஆயிற்று. வெள்ளையருக்கு ஒரு மருத்துவம், சுதேசிக்கு ஒரு மருத்துவம் என்பதுதான் நம் மருத்துவமனைகளின் அஸ்திவாரம். அந்த வரிசையைத் திருப்பத்தூரிலேயே இரண்டு டாக்டர்கள் கலைத்துப் பார்த்தார்கள். தமிழரான சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும், மிஷன்களுக்குள்ளேயே வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இருந்த ஏற்றத்தாழ்வு பொறுக்காமல், 1921இல் இங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கி மருத்துவமனை நடத்தினார்கள். ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். இருவரும் கதர் கட்டினார்கள், தரையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அவர்களுடைய நல்ல மனம் அல்ல. அது இருவருக்கும் மிஷனில் இருக்கும்போதே இருந்தது. ஏகாதிபத்தியக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பியாக இருப்பது என்பதை அவர்கள் வீட்டின் அமைப்பாகவே ஆக்கியதுதான் முக்கியம். அவரவர் அன்புக்கு விட்டுவிடாமல் உடையிலும் பந்தியிலும் அழைப்பிலும் அதை எழுதி வைத்தார்கள்.

அமைப்பை மாற்றினால் பலன் மாறும் என்பதற்கு நம் மலைகளிலேயே இரண்டு சான்றுகள் இருக்கின்றன. தருமபுரி மாவட்டத்துச் சித்திலிங்கியில் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் குடிசையில் தொடங்கியபோது அங்கே ஆயிரம் பிறப்புக்கு 147 குழந்தைகள் முதல் வயதைத் தாண்டவில்லை. பின்னால் அது இருபதை ஒட்டி இறங்கியது. அங்கே வாழ்கிறவர்களும் பெரும்பாலும் மலையாளிகள்தான். அவர்களுடைய குணம் மாறிவிடவில்லை. மலைப் பெண்களையே எடுத்து ஊர் ஊராகச் சுகாதார வேலைக்கும் மருத்துவமனையில் செவிலியர் வேலைக்கும் பழக்கினார்கள். கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை 1990லிருந்து பணியர், குரும்பர், காட்டுநாயக்கர் பெண்களைச் செவிலியர்களாக வைத்து நடக்கிறது. மருத்துவமனையை நடத்துவதில் அந்த மக்களுக்கே குரல் உண்டு. இவை தொண்டு நிறுவனங்கள், கூட்டம் குறைவு, அரசு மருத்துவமனையில் இது நடக்காது என்பார்கள். ஓரளவு சரி. ஆனால் அங்கே வேலை செய்த விஷயங்கள் விலை உயர்ந்தவை அல்ல. உலக வங்கிக் கடனில் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்திலேயே, பழங்குடி நோயாளிகளுக்கு வழிகாட்ட மருத்துவமனையில் ஆலோசகர்களை அமர்த்தும் ஏற்பாடு இருந்தது. மலைக் கர்ப்பிணிகள் தேதிக்கு முன்பே வந்து தங்கப் பிரசவக் காத்திருப்பு அறைகளும் அரசு கட்டியவைதான். அரசுக்குத் தெரியாத வித்தை எதுவும் இதில் இல்லை.

வேலைப் பளு என்று சொல்பவர்களுக்குத்தான் நான் மிகவும் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பொய்யில்லை. நைட் டூட்டியில் ஒரு சிஸ்டர் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கும்போது, கடைசி பஸ்ஸைப் பற்றி யோசி என்பது கொடுமை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுத்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அதனால்தான் மனசை மாற்றும் பயிற்சி வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. களைத்த ஆளிடம் கூடுதல் கனிவைக் கேட்பதைவிட, கனிவு தேவைப்படாத மாதிரி ஏற்பாடு செய்துவிடலாம். ஓ.பி. சீட்டில் ஊர்ப் பெயர் ஏற்கெனவே எழுதுகிறோம். மலை ஊர் என்றால் ஒரு முத்திரை, முத்திரை இருந்தால் லேப் நேரம் முடிந்தும் மாதிரி எடுப்பது, ஸ்கேனும் டாக்டரும் ஒரே நாளில், டிஸ்சார்ஜ் காலையில் முதலில். துணைக்கு வந்தவருக்கு ஒரு சாப்பாடு. சொல்லாமல் போனவர் ரெஜிஸ்டரில் காரணத்துக்கு ஒரு கட்டம், மாதத்துக்கு ஒருமுறை அதை ஊர் வாரியாகக் கூட்டிப் பார்க்க ஒரு ஆள். முத்திரை குத்துவதே அடையாளப்படுத்துவது ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், சாதிப் பெயரை எழுதினால். நான் கேட்பது தூரம். கீழ்நாட்டில் பஸ் போகாத ஊர்க்காரருக்கும் அந்த முத்திரை விழட்டும்.

ஆனால் மலை ஊர்க்காரர்களையே வேலைக்கு எடுக்கும் விஷயம் இவ்வளவு சுலபம் இல்லை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு இடஒதுக்கீடு ஒரு சதவீதம். மாநில மக்கள்தொகைக் கணக்குக்கு அது பொருந்தும். மலையடிவார மருத்துவமனை வாசலில் நிற்கும் நோயாளிக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. புதூர்நாட்டுப் பெண் ஒருத்தி நர்சிங் டிப்ளமோ முடித்து, தேர்வு எழுதித் தேறினாலும், மாநிலப் பட்டியலில் அவளுக்கு விழுவது நாகப்பட்டினமாக இருக்கலாம். முன்னே சொன்ன பழங்குடி ஆலோசகர்களோ திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகும் ஒப்பந்த ஆட்கள். மலைக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் ஓ.பி. சீட்டு, லேபர் வார்டு, அவசரப் பிரிவு மூன்றிலும் மலை ஊர்க்காரர் ஒருவர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும், அந்தப் பணியிடத்தை மாவட்டத்துக்குள்ளேயே நிரப்ப வேண்டும் என்பது என் கோரிக்கை. அப்படி வைத்தால் அவர் தன் ஆட்களுக்குச் சலுகை காட்டுவாரே என்று கேட்கிறார்கள். இப்போது வார்டில் "நம்ம ஊர்க்காரர்", "ஆபீஸில் இன்னாரோட மச்சான்", "கவுன்சிலர் சொல்லி அனுப்பினார்" என்று வருகிறவர்களுக்கு ஸ்கேன் தேதியும் கட்டிலும் எப்படிக் கிடைக்கின்றன என்று எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்படி உள்ளே ஒரு ஆள் இல்லாதவர் மலைக்காரர் ஒருவர்தான்.